சின்னப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது எப்படி? முதல் முறை வருகிற பெற்றோருக்காக

சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறும்போது எங்கள் பள்ளி வராந்தாவில் அட்மிஷன் மேசை போட்டிருப்போம். மதுரையிலிருந்து அழகர்கோவில் போகிற ரோட்டில் கொஞ்சம் உள்ளே தள்ளி, வயலை ஒட்டி இருக்கிற பள்ளி. எல்கேஜி முதல் ஐந்தாம் வகுப்பு வரை, மொத்தம் நூற்றுச்சொச்சம் பிள்ளைகள். என் பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கேதான் படிக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு விவரம் சொல்ல பெற்றோரே முறை வைத்து மேசையில் உட்காருவோம், எனக்கு இது நான்காவது வருஷம். வருகிற எல்லாரும் முதலில் கேட்பது "ஃபார்ம் எவ்வளவு?" என்பதுதான். ஃபார்ம் கடைசியில் வரட்டும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன, அவற்றை எந்த வரிசையில் செய்தால் அலைச்சல் குறையும் என்று சொல்கிறேன்.

1. வயதைக் கணக்குப் பாருங்கள்

மாநிலப் பாடத்திட்டப் பள்ளி என்றால் எல்கேஜிக்கு அந்த வருஷம் ஜூலை 31-க்குள் மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும், ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து. ஆகஸ்ட் மாதம் பிறந்த பிள்ளையைத் தேதி மாற்றிச் சேர்க்க முடியுமா என்று யாரிடமும் கேட்காதீர்கள். ஒரு வருஷம் பொறுத்துச் சேர்த்தால் ஒன்றும் குறைந்துவிடாது, பிள்ளையும் பேனா பிடிக்கிற அளவுக்கு விரல் பலத்தோடு வரும். விஜயதசமி அன்று நெல்லில் "அ" எழுதவைத்துச் சேர்க்கிற வழக்கம் எங்கள் பள்ளியிலும் உண்டு. அது பிரீகேஜிக்கும் சம்பிரதாயத்துக்கும் சரி. எல்கேஜிக்கு வகுப்பு தொடங்குவது ஜூனில்தான்.

2. ஒரு சாதாரண நாளில் போய்ப் பாருங்கள்

ஆண்டு விழா அன்று பள்ளியைப் பார்த்தால் எல்லாப் பள்ளியும் நல்ல பள்ளிதான். பிப்ரவரியிலோ மார்ச்சிலோ ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் பன்னிரண்டரை வாக்கில், முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். சாப்பாட்டு நேரம் அது. எந்தப் பள்ளியையும் அதன் சாப்பாட்டு நேரத்தை வைத்துச் சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம்.

நான் முதல் தடவை போன அன்று வேப்பமரத்தடியில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சின்னப் பையனுக்கு எவர்சில்வர் டப்பா மூடி திறக்கவில்லை. அழுத்துகிறான், கால் இடுக்கில் வைத்து முறுக்குகிறான், திறக்கவில்லை. டீச்சர் அவனிடமிருந்து பிடுங்கித் திறந்து கொடுத்துவிடவில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மூடியின் ஓரத்தில் கரண்டிக் காம்பைச் செருகி, "இப்ப நீ நெம்பு" என்றார். திறந்தது. உள்ளே புளிச்சோறும் அப்பளத் துண்டும். அவன் அப்பளத்தை உடைத்து ஒரு துண்டை டீச்சருக்கு நீட்டினான். நான் மேற்கொண்டு எதையும் பார்க்காமலேயே சேர்க்க முடிவு செய்துவிட்டேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், மற்றதையும் பார்த்துவிட்டே வாருங்கள்.

கழிப்பறைக்குப் போங்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனியாக இருக்கிறதா, தாழ்ப்பாள் பிள்ளையின் உயரத்துக்கு எட்டுகிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். குடிதண்ணீர்த் தொட்டி எப்போது கழுவினார்கள் என்று ஆயாம்மாவிடம் கேளுங்கள், அவருக்குத்தான் தெரியும். கூரையைப் பாருங்கள். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ல் ஒரு பள்ளியில் தீப்பிடித்து 94 பிள்ளைகள் இறந்துபோனார்கள். சமையல் கொட்டகையில் பிடித்த தீ ஓலைக் கூரைக்குத் தாவியது, பிள்ளைகள் வெளியே வர வழி இல்லை. எனவே வகுப்பறைக்கு எத்தனை வாசல், மாடி என்றால் எத்தனை படிக்கட்டு, தீயணைப்புச் சான்றிதழும் கட்டட உறுதிச் சான்றிதழும் நடப்பில் இருக்கின்றனவா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல பள்ளி இந்தக் கேள்விக்குக் கோபப்படாது, எங்கள் எச்.எம். அலமாரியைத் திறந்து ஃபைலையே எடுத்து நீட்டிவிடுவார். வேனில் அனுப்புவதாக இருந்தால் அதன் தகுதிச் சான்றும் ஏறி இறங்கும்போது கூட ஆள் வருகிறாரா என்பதும் கேட்க வேண்டியவை.

3. அங்கீகாரம், அப்புறம் "ஐந்தாவதுக்குப் பிறகு என்ன?"

அங்கீகார ஆணையின் நகலையும் அது எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் பார்த்துவிடுங்கள். பள்ளிக்கு 33 என்று தொடங்குகிற 11 இலக்க யுடைஸ் எண் (அரசு ஒவ்வொரு பள்ளிக்கும் தருகிற அடையாள எண்) இருக்கும், அதையும் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

பெரும்பாலான பெற்றோர் யோசிக்காமல் விடுவது அடுத்த விஷயத்தைத்தான். சின்னப் பள்ளிகளில் நிறைய ஐந்தாவதோடு முடிந்துவிடும். அதைப் பெரிய குறையாக நினைத்து, முதலிலேயே பன்னிரண்டாவது வரை இருக்கிற பள்ளிக்குப் போகிறவர்கள் உண்டு. நான் மேசையில் உட்காரும்போது இதை நிதானமாக விளக்குவேன். மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021 முதலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1000 ரூபாய் தருகிற புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் ஆறாவது முதல் எங்கே படித்தார்கள் என்பதுதான் கணக்கு. அதாவது, தொடக்க வகுப்புகளைச் சின்னப் பள்ளியில் முடித்துவிட்டு ஆறாவதுக்கு மேலூரிலோ ஒத்தக்கடையிலோ அரசுப் பள்ளியில் சேர்த்தால் இந்த வாசல்கள் எல்லாம் திறந்தே இருக்கும். எங்கள் மூத்தவளுக்கு அதுதான் திட்டம்.

4. ஃபீஸ்

தமிழ்நாட்டில் தனியார் பள்ளி ஃபீஸை 2009-ம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு பள்ளிவாரியாக நிர்ணயிக்கிறது, ஒரு நிர்ணயம் மூன்று கல்வியாண்டுகளுக்குச் செல்லும். அந்த ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். நன்கொடை வாங்குவதும், சேர்க்கைக்காகப் பிள்ளைக்குப் பரீட்சை வைப்பதும், பெற்றோரை இன்டர்வியூ செய்வதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ம் பிரிவுப்படி குற்றம். பரீட்சை வைத்தால் முதல் தடவைக்கு 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த தடவைகளுக்கு 50,000 வரை. மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் சேர்க்கும் அன்றைக்கே தவணை கேட்டுவிடுங்கள். கதிர் அறுத்த பிறகு கட்டுகிறேன், பூ சீசனில் கட்டுகிறேன் என்று சொல்கிறவர்கள் எங்கள் பள்ளியில் நிறைய, அதைக் குறித்துக்கொள்ளத் தனி நோட்டே இருக்கிறது.

5. காகிதங்கள்

வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பாஸ்போர்ட் அளவு போட்டோ, இருந்தால் ஆதார். ஆதார் இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. சாதி, மதம் குறிப்பிட விருப்பம் இல்லையென்றால் அந்த இடத்தைக் காலியாக விடலாம், அதற்கு 1973-லிருந்தே அரசாணை இருக்கிறது. ஆனால் பிறப்புச் சான்றிதழை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதிக்கு அது ஒன்றுதான் ஆதாரம்.

பெயரில்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள். போன வருஷம் ஒரு அப்பா மஞ்சப்பையில் எல்லாவற்றையும் பாலித்தீன் கவர் போட்டு, மடிப்பு விழாமல் கொண்டுவந்திருந்தார். மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்கிறது, அம்மா பெயரும் தேதியும் மட்டும்தான். தடுப்பூசி அட்டையில் வீட்டில் கூப்பிடுகிற பெயர். ஆதாரில் குலசாமி பெயரோடு சேர்ந்த முழுப் பெயர், அதிலும் ஆங்கிலத்தில் ஒரு எழுத்து குறைவு. நல்லவேளையாக ஏப்ரலிலேயே வந்துவிட்டார். பிறப்புச் சான்றிதழில் பெயரைச் சேர்க்க 15 வருஷம் வரை அவகாசம் உண்டு, பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். முதலில் அதைச் சரிசெய்துவிட்டு, அதில் இருக்கிற எழுத்தைப் பார்த்து ஆதாரைத் திருத்துங்கள். மாற்றிச் செய்தால் இரண்டு தடவை அலைய வேண்டும். விண்ணப்பத்தில் பெயர், இனிஷியல், தேதி மூன்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் நீங்களே எழுதி, வீட்டில் இன்னொருவரைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பத்தாவது மார்க் ஷீட் வரை அந்த எழுத்துதான் போகும்.

6. வேறு பள்ளியிலிருந்து மாற்றுகிறீர்களா?

டிசி, அதாவது மாற்றுச் சான்றிதழ், கையில் வந்தால் மட்டும் போதாது. பள்ளிக் கல்வித் துறையின் ஆன்லைன் பதிவேடான எமிஸில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண் இருக்கிறது. பழைய பள்ளி அந்தப் பதிவைத் தன் பட்டியலிலிருந்து காமன் பூல் என்கிற பொதுப் பட்டியலுக்கு விட்டால்தான் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். டிசி வாங்குகிற அன்றே "எமிஸ்ல விட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு நகருங்கள். என் மூத்தவளை நான் முதலில் சேர்த்தது மதுரைக்குள் வேறொரு பள்ளி. மாற்றும்போது டிசிக்கு நான்கு தடவை நடந்தேன், கிடைத்த பிறகும் எமிஸில் மூன்று வாரம் விடவே இல்லை. அந்த மூன்று வாரமும் அவள் வகுப்பில் உட்கார்ந்தாள், ஆனால் பதிவேட்டில் இல்லை. டீச்சர் அட்டென்டன்ஸ் எடுக்கும்போது அவள் பெயரைப் பென்சிலில் கீழே எழுதிவைத்துத் தினமும் கூப்பிட்டார். ஃபீஸ் பாக்கியை வசூலிக்க டிசியைப் பிடித்துவைப்பதும், பாக்கியை டிசியில் எழுதுவதும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொல்லியிருக்கிறது. யாராவது இழுத்தடித்தால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு, தனியார் பள்ளிகளுக்கென்று ஒருவர் இருக்கிறார், எழுத்தில் மனு கொடுங்கள்.

7. 25 சதவீத இடங்கள்

அதே கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் சுயநிதிப் பள்ளிகளில், நுழைவு வகுப்பில் (எல்கேஜி அல்லது ஒன்றாம் வகுப்பு) நூற்றுக்கு 25 இடம் நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கு இலவசம். நலிவடைந்த பிரிவு என்றால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் என்று வருமானச் சான்றிதழும், வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு என்றால் அதற்குரிய சான்றிதழும், எல்லாருக்கும் வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் என்பதற்கு இருப்பிட ஆதாரமும் வேண்டும். விண்ணப்பம் ஆன்லைனில்தான், இடத்தைவிட ஆள் அதிகமானால் குலுக்கல். வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் நடக்கும். 2025-ல் நிதிப் பிரச்சினையால் அக்டோபர் வரை தள்ளிப்போனது. அதனால் சான்றிதழ்களை முன்னாலேயே வாங்கி வைத்திருங்கள். இந்த இடத்தில் சேர்ந்த பிள்ளையை யாராவது "இலவசம்" என்று கூப்பிட்டால் நேராக எச்.எம்.மிடம் போய்ச் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் யார் எந்த வழியில் சேர்ந்தார்கள் என்று வகுப்பு டீச்சருக்கே சொல்வதில்லை.

8. ஜூன் மாதம்

யூனிஃபார்ம், நோட்டு எல்லாம் முன்பு மீனாட்சியம்மன் கோவிலுக்கு எதிரே புது மண்டபத்தில் ஒரே நடையில் முடிந்துவிடும், அங்கே தூண்களுக்கு நடுவில் தையல் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. சட்டையை ஒரு அளவு பெரிதாகத் தையுங்கள். இரண்டாவது யூனிஃபார்ம் வாங்கும் முன் பள்ளியில் கேளுங்கள். வளர்ந்த பிள்ளைகளுடைய சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டு அட்மிஷன் மேசைக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருப்போம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், யார் எடுத்தார்கள் என்று எழுதுவதில்லை.

முதல் வாரம் பிள்ளை அழும். வாசலில் விட்டதும் "சாயங்காலம் பெல் அடிச்சதும் அம்மா இங்கேதான் நிப்பேன்" என்று சொல்லிவிட்டு, சொன்ன இடத்தில் சொன்ன நேரத்துக்கு நில்லுங்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்காதீர்கள், அடங்கிய அழுகை திரும்பத் தொடங்கும்.

9. நீங்களும் சேருகிறீர்கள்

சின்னப் பள்ளியில் ஆள் குறைவு. பொங்கல் விழாவுக்குக் கரும்பு இறக்குவது, லீவில் வகுப்பறைக்கு வெள்ளையடிப்பது, ஆண்டு விழாவுக்கு முந்தின இரவு சாம்பாருக்குக் காய் நறுக்குவது எல்லாம் பெற்றோர்தான். எங்களில் எலக்ட்ரீஷியன் ஒருவர் மே மாதம் எல்லா ஃபேனையும் கழற்றிப் பார்த்துவிடுவார். பூக்கட்டுகிற ஒரு அக்கா வெள்ளிக்கிழமை மூன்றாம் வகுப்புக்கு எண்ணிக்கை சொல்லிக்கொடுக்க வருவார், நூலில் மல்லிகையைக் கண்ணி கண்ணியாக வைத்து, இத்தனை கண்ணிக்கு ஒரு முழம் என்று பிள்ளைகள் கணக்குப் போடுவார்கள். சேர்க்கை ஃபார்மின் கடைசியில் "பள்ளிக்கு உங்களால் என்ன செய்ய முடியும்?" என்று ஒரு வரி இருக்கும். கட்டாயம் இல்லை, அதை வைத்து யாருக்கும் இடம் கொடுப்பதும் இல்லை மறுப்பதும் இல்லை. ஆனால் காலியாக விடாதீர்கள். வேலைக்குப் போகிறவர்கள் "ஞாயிறு காலை இரண்டு மணி நேரம்" என்று எழுதினால்கூடப் போதும்.

பெற்றோர் கூட்டம் ஜூன் கடைசி சனிக்கிழமை, மூன்று மணிக்கு. அம்மா, அப்பா இரண்டு பேரும் வர முடியவில்லை என்றால் ஆச்சியையோ தாத்தாவையோ அனுப்புங்கள். அவர்களுக்கு நாற்காலி போட்டு வைத்திருப்போம்.