‘என்னைக் கேளுங்க, எனக்குத் தெரியும்’: அலுவலக உதவியாளர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

இந்த வேலைக்கு வந்த புதிதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. போன மாதம் வந்த கடிதம் எங்கே, எந்த ஒப்பந்தம் எப்போது முடிகிறது, மீட்டிங் அறை புரொஜெக்டருக்கு எந்த ஒயர் பொருந்தும் என்று எதைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்லிவிடுவேன். ‘அவங்களைக் கேளுங்க, அவங்களுக்குத் தெரியும்’ என்று யாராவது என்னைக் கைகாட்டினால் உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். அப்புறம் ஒரு தடவை காய்ச்சலில் நான்கு நாள் படுத்துவிட்டேன். முதல் நாள் ஓயாமல் போன் வந்தது. மூன்றாவது நாள், ஒரு ஒப்பந்தத்தை நிறுத்துவதாக இருந்தால் தெரிவிக்க வேண்டிய கடைசித் தேதி, யாரும் கவனிக்காமல் கடந்துபோனது. அந்தத் தேதி என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது, தலையோ தலையணையில் இருந்தது.

அலுவலக உதவியாளர்கள் செய்யும் தவறுகள் என்று பெரிய பட்டியலே போடலாம். ஆனால் நான் பார்த்தவரை பாதிக்கு மேல் இந்த ஒன்றிலிருந்துதான் கிளம்புகின்றன: எழுதி வைக்க வேண்டியதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது.

நடந்து போகிறபோது சொல்லப்படும் வேலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மேலாளர் லிஃப்டுக்குள் போய்க்கொண்டே ‘அந்த விஷயத்தை வியாழக்கிழமைக்குள்ள முடிச்சிடுங்க’ என்பார், நாமும் ‘சரி சார்’ என்று தலையாட்டுவோம். எந்த விஷயம், எந்த வியாழன், முடிப்பது என்றால் அனுப்புவதா அல்லது தயாராக வைத்திருப்பதா, ஒன்றும் தெரியாது. கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று பேசாமல் இருப்பதுதான் இங்கே தவறு. லிஃப்ட் கதவு மூடிய பிறகாவது இரண்டு வரி மெசேஜ் போட்டுவிடுங்கள்: ‘ஆண்டறிக்கை வரைவு, வரும் வியாழன் மாலைக்குள் உங்களுக்கு அனுப்புகிறேன்.’ தப்பென்றால் அவரே திருத்துவார்.

எழுதுகிறவர்களும் பல இடங்களில் எழுதுகிறார்கள். கொஞ்சம் ஒட்டுத்தாளில், கொஞ்சம் தனக்குத்தானே அனுப்பிய வாட்ஸ்அப்பில், கொஞ்சம் மெயிலில் நட்சத்திரம் போட்டு. நான்கு இடத்தில் எழுதினால் நான்கு இடத்திலும் தேட வேண்டும், அதற்கு எழுதாமலே இருக்கலாம். நோட்டோ செயலியோ, எது உங்களுக்கு ஒத்துவருகிறதோ அந்த ஒன்று போதும். கம்ப்யூட்டருக்கு முந்தைய அலுவலகங்களில் 43 ஃபோல்டர் வைக்கும் வழக்கம் ஒன்று இருந்தது: நாளுக்கு ஒன்றாக 31, மாதத்துக்கு ஒன்றாக 12. எந்தத் தாள் எந்த நாளில் கண்ணில் பட வேண்டுமோ அதில் போட்டுவிட்டு நிம்மதியாக மறந்துவிடலாம். இன்று காலண்டர் அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் அதில் பலர் முடிவுத் தேதியைக் குறித்துவிட்டு ஓய்ந்துவிடுகிறார்கள். ஒப்பந்தம் டிசம்பர் 31-ல் முடிகிறது, நிறுத்துவதானால் 60 நாள் முன்பே சொல்ல வேண்டும் என்றால், கடைசி நாள் நவம்பர் 1. முடிவெடுக்கிறவருக்கு யோசிக்க நேரம் வேண்டாமா? காலண்டரில் ஏற வேண்டியது அக்டோபர் நடுவில் ஒரு நாள். எனக்குக் கைவிட்டுப் போன தேதியும் இந்த வகைதான்.

ஃபைல்களுக்குப் பெயர் வைப்பதில் நடக்கும் கூத்து எல்லோருக்கும் தெரியும். ‘ஃபைனல்’, ‘புது ஃபைனல்’, ‘ஃபைனல் மேடம் பார்த்தது’, ‘இதுதான் ஃபைனல்’. வைத்தவருக்கே ஒரு மாதம் கழித்துப் புரியாது. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-03-04 என்று தேதியை முன்னால் போட்டு, பின்னால் ஆவணத்தின் பெயரும் பதிப்பு எண்ணும் சேர்த்தால், பெயர்வாரியாக அடுக்கும்போதே ஃபைல்கள் கால வரிசையில் நின்றுவிடும். இதற்கு 1988-லேயே ஐஎஸ்ஓ 8601 என்று சர்வதேசத் தரம் வந்துவிட்டது, நாம்தான் இன்னும் 03/04 என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். அது சிலருக்கு ஏப்ரல் 3, அமெரிக்கரிடம் காட்டினால் மார்ச் 4.

எக்செலைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம்மிடம் கேட்காமலே ‘உதவி’ செய்யும். பணியாளர் எண் 00457 என்று ஒட்டினால் 457 ஆக்கிவிடும். 15 இலக்கத்துக்கு மேல் உள்ள எண்ணை எண்ணாகவே வைத்தால் 16-வது இலக்கத்திலிருந்து எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிடும், போன இலக்கம் திரும்ப வராது. அதனால் நீளமான கணக்கு எண்களை ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள், ஒட்டிய பிறகு மாற்றிப் பயனில்லை. இது நம் கவனக்குறைவு மட்டும் என்று நினைத்து நொந்துகொள்ள வேண்டாம். மார்ச்1, செப்ட்1 போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றி மாற்றி வைத்ததால், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவே 2020-ல் அந்தப் பெயர்களை மாற்றும் நிலைக்கு வந்தது. விஞ்ஞானிகளே இறங்கி வந்துவிட்டார்கள், நாமெல்லாம் எம்மாத்திரம். இன்னொன்று, ஒரே ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்துவது. எக்செல் எச்சரிக்கத்தான் செய்யும், அவசரத்தில் சரியாகப் படிக்காமல் ‘தேர்ந்தெடுத்ததை மட்டும்’ என்பதை அழுத்திவிடுவோம். ஒருவருடைய பெயருக்கு நேராக இன்னொருவருடைய தொலைபேசி எண் உட்கார்ந்திருக்கும், அதுவும் பார்வைக்கு ஒழுங்காகவே தெரியும் என்பதுதான் ஆபத்து.

வெளிநாட்டு மீட்டிங் வைப்பவர்கள் நேர வித்தியாசத்தை மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் 5 மணி நேரம், அவ்வளவுதானே? எப்போதும் இல்லை. அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை முன்னால் தள்ளுகிறது, பிரிட்டனும் ஐரோப்பாவும் மார்ச் கடைசி ஞாயிறுதான் தள்ளுகின்றன. நடுவில் உள்ள நாட்களில் வித்தியாசம் 4 மணிதான். இலையுதிர் காலத்திலும் ஒரு வாரம் இதே குழப்பம் நடக்கும், ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு என்று. கையால் கணக்குப் போட்டு மெயிலில் நேரத்தை டைப் செய்யாதீர்கள். காலண்டர் அழைப்பை, மீட்டிங் எந்த ஊர்க் கணக்கில் நடக்கிறதோ அந்த ஊர் நேர மண்டலத்திலேயே உருவாக்குங்கள், மற்றவர்களுக்கு அது தானாக மாறிக்கொள்ளும்.

பயண ஏற்பாட்டில் நள்ளிரவு 12.15 விமானம் ஒரு பழைய கண்ணி. 14-ம் தேதி 00.15 என்றால் 13-ம் தேதி இரவே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். பயணத் திட்டத்தில் ‘13-ம் தேதி இரவு விமான நிலையத்தில் இருக்க வேண்டும்’ என்று வார்த்தையில் எழுதுங்கள். டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும், அலுவலகத்தில் கூப்பிடும் பெயர் உதவாது. பாஸ்போர்ட் பயண நாளில் செல்லுபடியாகிறதே என்று விட்டுவிடவும் கூடாது, பல நாடுகள் அதற்கு மேல் 6 மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்று கேட்கின்றன.

மெயிலுக்கு ஒரு பழக்கம் போதும். முதலில் இணைப்பைச் சேருங்கள், பிறகு எழுதுங்கள், அனுப்ப வேண்டியவர் முகவரியைக் கடைசியில் போடுங்கள். முகவரி இல்லாத மெயில் பாதியில் பறந்துபோகாது. பெயரின் முதல் மூன்று எழுத்தை அடித்ததும் மெயிலே நிரப்பித்தரும் முகவரியை ஒருமுறை முழுதாகப் படியுங்கள், ஒரே பெயரில் இரண்டு பேர் எல்லா அலுவலகத்திலும் இருப்பார்கள்.

ரகசியம் காப்பதில், வாய் தவறிச் சொல்வதைவிடக் கை தவறி விடுவதுதான் அதிகம். பிரிண்டர் தட்டில் மறந்த சம்பளப் பட்டியல், பூட்டாமல் எழுந்துபோன திரை (விண்டோஸ் விசையோடு எல் அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், ஒரு நொடி வேலை). வேர்டு ஃபைலை வெளியாருக்கு அனுப்பும்போது உள்ளே இருக்கும் பழைய திருத்தங்களும் குறிப்புரைகளும் சேர்ந்தே போகும். பிடிஎஃப்பில் ஒரு வரியின் மேல் கறுப்புப் பெட்டி வரைந்தால் அது மறைந்ததாக நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடியில் எழுத்து அப்படியேதான் இருக்கும், தேர்ந்தெடுத்து நகலெடுத்து வேறு பக்கத்தில் ஒட்டினால் பல்லை இளித்துக்கொண்டு வந்துவிடும். நீக்குவதற்கென்று உள்ள வசதியைப் பயன்படுத்தி நிஜமாகவே நீக்க வேண்டும். செக்ரட்டரி என்ற சொல்லே ரகசியம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) எழுதும்போது யார் என்ன பேசினார்கள் என்று நாடகம் போல எழுதாதீர்கள், யாரும் படிக்கப்போவதில்லை. என்ன முடிவானது, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், அவ்வளவுதான். அன்றைக்கே அனுப்புங்கள். ‘குழு பரிசீலிக்கும்’ என்று எழுதிய வேலையை யாரும் பரிசீலித்து நான் பார்த்ததில்லை, ஒரு ஆளின் பெயர் வேண்டும்.

இனி வேலை வளர்ச்சி. ‘எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டால் நம்மை எதற்கு வைத்திருப்பார்கள்?’ என்ற பயம் எனக்கும் இருந்தது, வெளியில் சொன்னதில்லை. ஆனால் மேல்நிலையில் ஓர் இடம் காலியானபோது நான் கேட்டுப் போனேன், கிடைத்த பதில் ‘நீங்க போயிட்டா இந்த இடத்தை யார் பார்த்துப்பாங்க?’ அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு செய்தவை இரண்டு. ஒன்று, வாரத்துக்கு ஒரு வேலையின் செய்முறையை எழுதினேன். புதிய ஊழியர் சேரும் நாளில் என்னென்ன, பில் எந்த வழியாகப் போகிறது, எந்த அறையின் சாவி யாரிடம், இப்படி. எழுதியதை அந்த வேலையே தெரியாத ஒருவரிடம் கொடுத்து என் கண் முன்னால் செய்யச் சொன்னேன், அவர் தயங்கி நிற்கிற இடமெல்லாம் நான் எழுதாமல் விட்ட இடம். இரண்டு, வெள்ளிக்கிழமை மாலை பத்து நிமிடம் அந்த வாரம் செய்ததைக் குறித்தேன். ‘அலுவலகத்தை ஒழுங்குபடுத்தினேன்’ என்றெல்லாம் எழுதினால் ஒன்றுக்கும் ஆகாது. ‘இருவர் தனித்தனியாக வாங்கிக்கொண்டிருந்த எழுதுபொருளை ஒரே ஆர்டராக்கினேன், மாதம் ஆறு பில் ஒன்றாகியது’ என்று எண்ணோடு எழுத வேண்டும். நம் வேலை ஒழுங்காக நடந்தால் கண்ணுக்கே தெரியாது, ஆண்டு மதிப்பீட்டில் மேலாளருக்கு ஞாபகம் வருவது கடைசி இரண்டு வாரமும் ஒரு தவறும்தான். சம்பள உயர்வோ பதவிப் பெயர் மாற்றமோ கேட்பதானால் மதிப்பீட்டு நாளில் கேட்காதீர்கள், அதற்குள் பெரும்பாலும் பட்ஜெட் முடிவாகியிருக்கும். இரண்டு மூன்று மாதம் முன்பே அந்தக் குறிப்புகளோடு போய்ப் பேசுங்கள்.

ஒன்றரை வருடம் கழித்து இன்னோர் இடம் காலியானது. மறுபடியும் கேட்டேன், அதே கேள்விதான் வந்தது, இந்த இடத்தை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று. செய்முறைகள் இருந்த ஃபோல்டரின் இணைப்பை அனுப்பிவிட்டு, எந்தத் தேதியில் ஒப்படைக்கலாம் என்று கேட்டேன்.