நிலாவுக்கு ஒரு கேமரா, இருட்டுக்கு ஒரு கேமரா: கடையிலேயே போட்டுப் பார்க்கும் கணக்கு

போன மாதம் தங்கை மகன் போன் செய்தான். "மாமா, நிலாவைப் பெரிசா எடுக்கணும், ராத்திரி சாமி புறப்பாடும் எடுக்கணும், பாக்கெட்ல வைக்கிற மாதிரி ஒரு கேமரா சொல்லுங்க." ரெண்டுக்கும் ஒரே கேமராவா என்று கேட்டேன். "ரெண்டும் ராத்திரிதானே மாமா" என்றான். சரிதான், ஆனால் சிக்கலே அங்கேதான் இருக்கிறது. அவனுக்கு வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பியதை, முதல்முறை கேமரா வாங்கப்போகிற மற்றவர்களுக்கும் ஆகுமே என்று இங்கே ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

படி 1: நிலாவா, இருட்டா, முதலில் முடிவு செய்யுங்கள்

நமக்குத்தான் ராத்திரி. அங்கே நிலாவில் பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கிறது. முழு நிலாவை எடுப்பது கிட்டத்தட்ட மதிய வெயிலில் ஒரு தார்ச்சாலையை எடுப்பது மாதிரி. ஒளிக்குப் பஞ்சமே கிடையாது. அங்கே பிரச்சினை அளவு. வானத்தில் நிலாவின் அகலம் வெறும் அரை டிகிரி, அதனால் நிலாவுக்கு வேண்டியது நீளமான ஜூம். சாமி புறப்பாட்டில் கதை தலைகீழ்: எதிரிலேயே நிற்கிறார் சாமி, ஆனால் வெளிச்சம் தீவட்டியும் டியூப் லைட்டும்தான், அதற்குப் பெரிய சென்சாரும் (லென்ஸ் வழியே வரும் ஒளியைப் படமாக மாற்றும் சில்லு) அகலத் திறக்கும் லென்ஸும் வேண்டும். இந்த ரெண்டும் ஒரே சின்ன டப்பாவுக்குள் சேராது. பெரிய சென்சாருக்கு நீள ஜூம் வைத்தால் லென்ஸ் சட்டைப் பைக்குள் அடங்காது, அவ்வளவுதான் விஷயம்.

படி 2: லென்ஸ் வளையத்தைப் படியுங்கள்

அட்டைப் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் "40 எக்ஸ்", "20 மெகாபிக்சல்" எல்லாவற்றையும் கொஞ்சம் மறந்துவிடுங்கள். கேமராவைக் கையில் வாங்கி, லென்ஸைச் சுற்றிப் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் எண்களைப் பாருங்கள். உதாரணத்துக்கு, 2018இல் வந்த கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்740 எச்எஸ்ஸில் 4.3-172 மி.மீ., 1:3.3-6.9 என்று இருக்கும். முதலாவதுதான் லென்ஸின் உண்மையான ஃபோகல் லெங்த், அது கூடக்கூட ஜூம் நீளும். இரண்டாவது எஃப் எண், அது குறையக்குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும். விளம்பரத்தில் வரும் 960 மி.மீ. என்பது பழைய 35 மி.மீ. ஃபிலிம் கணக்குக்கு மாற்றிச் சொல்வது.

இப்போது கணக்கு. உண்மையான பெரிய எண்ணை 110 ஆல் வகுத்தால், சென்சார் மேல் விழும் நிலாவின் அளவு மில்லிமீட்டரில் வந்துவிடும். 172ஐ 110 ஆல் வகுத்தால் சுமார் 1.6. இந்த வகைக் கேமராக்களின் சென்சார் 1/2.3 அங்குலம் என்று சொல்லப்படும் சின்னது, உயரம் சுமார் 4.6 மி.மீ. ஆக, நிலா படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரும். மோசமில்லை, பள்ளங்கள் தெரியும்.

அதே கணக்கை நிகான் கூல்பிக்ஸ் பி900க்குப் போடுங்கள் (2015இல் வந்தது, 357 மி.மீ.): 3.2 மி.மீ., அதாவது படத்தில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு. பி1000இல் 539 மி.மீ. இருக்கிறது, நிலா 4.9 மி.மீ. வரும், முழு ஜூமில் நிலா சட்டத்துக்குள்ளேயே அடங்காது! ஆனால் அது 1.4 கிலோ எடை, அதைக் காம்பாக்ட் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுபக்கம் சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 பாக்கெட்டில் அடங்கும், அருமையான கேமரா, அதில் 72 மி.மீ.தான். நிலா 0.65 மி.மீ. வரும், அதன் சென்சார் உயரமோ 8.8 மி.மீ. படத்தில் நிலா சுமார் 270 பிக்சல் அகலம் இருக்கும், பொட்டு வைத்த மாதிரி.

இன்னொரு வகுத்தலும் இருக்கிறது, கடைக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். ஃபோகல் லெங்த்தை அந்த முழு ஜூமின் எஃப் எண்ணால் வகுங்கள்: ஒளி நுழையும் வாசலின் விட்டம் கிடைக்கும். எஸ்எக்ஸ்740இல் 172ஐ 6.9 ஆல் வகுத்தால் 25 மி.மீ. பி900இல் 55, பி1000இல் 67. வாசல் எவ்வளவு அகலமோ அவ்வளவு நுணுக்கம் தெரியும், தொலைநோக்கியும் இதே விதிதான். வாசல் சின்னதாக இருக்கும்போது மெகாபிக்சலைக் கூட்டினால் கிடைப்பது பெரிய மங்கல் படம். டிஜிட்டல் ஜூமும் (படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது) அதே ஏமாற்று, வாங்கியதும் மெனுவில் அணைத்துவிடுங்கள்.

படி 3: இருட்டுதான் வேண்டும் என்றால்

1/2.3 அங்குலச் சென்சாரின் பரப்பு சுமார் 28 சதுர மி.மீ., 1 அங்குலச் சென்சாருக்கு 116. நாலு மடங்கு. அதோடு எஃப் 1.8 லென்ஸும் சேர்ந்தால் (ஆர்எக்ஸ்100 மார்க் 3, 4, 5, இல்லையென்றால் கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 2), எஸ்எக்ஸ்740இன் எஃப் 3.3ஐ விட மொத்தம் ஏறக்குறைய 14 மடங்கு ஒளி சேரும். பெரிய சென்சாரில் 1/60 நொடியில் சேர்கிற ஒளிக்கு எஸ்எக்ஸ்740இல் கால் நொடி பிடிக்கும். கால் நொடியில் பல்லக்கு தூக்குபவர்கள் எல்லாம் பேய் மாதிரி கலங்கிப்போவார்கள். ஒன்றைக் கவனியுங்கள், ஆர்எக்ஸ்100 வரிசையில் புதிய மார்க் 7 எஃப் 2.8இல்தான் ஆரம்பிக்கிறது. இருட்டுக்குப் பழைய மாடலே மேல்.

ஆனால் என் அபிப்பிராயம் கேட்டால், ராத்திரித் தெருவுக்கு இப்போதைய நல்ல மொபைலின் நைட் மோடு பாதி வேலையைச் செய்துவிடுகிறது, பல படங்களை எடுத்து ஒன்றாக்கிக் கொடுக்கிறது. மொபைலால் முடியாதது நீளம்தான். கையில் நல்ல போன் இருந்தால், காசை நிலாவில் போடுங்கள்.

படி 4: மெனுவுக்குள் ஐந்து நிமிடம்

ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று நாமே வைக்கும் எம் மோடு இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தக் கேமரா வேண்டாம். ஷட்டர் 15 நொடியாவது போக வேண்டும், கையால் ஃபோகஸ் செய்ய வழி வேண்டும், 2 நொடி டைமர் வேண்டும். ரா ஃபைல் (கேமரா மெருகேற்றாத மூலப் படம்) இருந்தால் நல்லது: பி1000, கேனான் எஸ்எக்ஸ்70 இரண்டிலும் உண்டு, பி900, எஸ்எக்ஸ்740 இரண்டிலும் இல்லை. அப்புறம் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர். விளம்பரக் கணக்கில் 2000 மி.மீ. ஆகும் ஜூமில் கேமரா பார்ப்பது வானத்தில் ஒரு டிகிரி சொச்சம்தான், நிலாவைத் தொலைத்துவிட்டால் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு துழாவ வேண்டியதுதான்.

படி 5: பழைய கேமரா வாங்குகிறவர்களுக்கு மட்டும்

டார்ச்சோடு போங்கள். லென்ஸுக்குள் சாய்வாக அடித்துப் பார்த்தால் பூஞ்சை சிலந்தி வலை மாதிரி தெரியும். நான் ஒருமுறை டார்ச் இல்லாமல் போய், வீட்டுக்கு வந்து நிலாவை எடுத்தபோது சுற்றிலும் புகைபோல ஒரு வட்டம். மேகம் என்று மூன்று நாள் காத்திருந்தேன்.

படி 6: முதல் ராத்திரி

பௌர்ணமிக்காகக் காத்திருக்காதீர்கள். முழு நிலாவில் வெயில் நேராக விழுவதால் நிழலே இருக்காது, வெள்ளைத் தட்டு மாதிரி தெரியும். காலண்டரில் வளர்பிறை அஷ்டமியைப் பாருங்கள். அன்றைக்குப் பொழுது சாயும்போதே நிலா உச்சியை ஒட்டி நிற்கும், வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்கள் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: பகலெல்லாம் வெயிலில் வெந்த மொட்டை மாடி சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும், அந்தக் காற்றில் நிலா தண்ணீருக்கடியில் இருப்பது போல நெளியும். தளத்தில் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் வித்தியாசம் தெரிகிறது.

எம் மோடு, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, முழு ஜூமில் கேமரா கொடுக்கும் பெரிய திறப்பு, ட்ரைபாட், 2 நொடி டைமர். ட்ரைபாடில் இருக்கும்போது நடுக்கத் தடுப்பை அணைத்துவிடுங்கள். எஃப் 6.5 பக்கத்தில் என்றால் முழு நிலாவுக்கு ஷட்டரை 1/250 நொடியில், அரை நிலாவுக்கு 1/60இல் ஆரம்பியுங்கள், பிறகு நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் இரண்டிரண்டு படம். ஆட்டோவில் விட்டால் சுற்றியிருக்கும் கறுப்பைப் பார்த்துக் கேமரா பயந்து, நிலாவை வெள்ளைப் பல்பாக்கிவிடும். ஃபோகஸ் அந்த நிழல் கோட்டின் மேல். இரண்டு நிமிடத்தில் நிலா தன் அகலம் அளவுக்கு நகர்ந்துவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் நடுவில் கொண்டுவர வேண்டும்.

தங்கை மகன் கடைசியில் நிலாப் பக்கம் சாய்ந்து, பாக்கெட் கேமரா ஒன்றைப் பழையதாக வாங்கினான். அஷ்டமி ராத்திரி படம் வந்தது, கூடவே ஒரு குரல் செய்தி: "மாமா, நிழல் பக்கத்துல ஒரு புள்ளி மின்னுது, சென்சார் போச்சா?" கேமராவை இம்மி நகர்த்தி இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். புள்ளி படத்தில் அதே இடத்தில் நின்றால் சென்சார் கோளாறு, நிலாவோடு சேர்ந்து நகர்ந்தால் அது அங்கே விடியலில் முதல் வெயில் விழுந்த ஒரு மலையுச்சி. பத்து நிமிடம் கழித்து இரண்டாவது படம் வந்தது. நகர்ந்திருந்தது.