'சே' போடுவதா, 'டெல்' போடுவதா?

ஆங்கிலத்தில் எழுதும்போது இந்த இரண்டில் எது என்று தயங்கினால், யாரிடம் சொன்னார் என்பது வினைக்கு அடுத்த சொல்லாகவே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் 'டெல்', வராவிட்டால் 'சே'. 'ஹி டோல்ட் மீ', ஆனால் 'ஹி செட் ஹி வாஸ் டயர்ட்'. 'சே'யுடன் ஆளையும் சேர்க்க வேண்டுமானால் நடுவில் 'டு' வேண்டும்: 'ஹி செட் டு மீ'.

தமிழில் இரண்டுக்கும் 'சொல்' ஒன்றே போதும். 'என்னிடம் சொன்னான்' என்பதில் உள்ள 'இடம்' உருபையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவதால்தான் 'ஹி டோல்ட் டு மீ' என்ற பிழை பிறக்கிறது. நன்றாகப் படித்தவர்களின் கடிதங்களிலும் இது தலைகாட்டும். 'டெல்' ஆளை நேராகப் பிடித்துக்கொள்ளும் வினை. இடையில் தரகர் தேவையில்லை.

பொய், உண்மை, கதை, நகைச்சுவை, கடிகாரம் பார்த்து மணி சொல்வது ஆகியவற்றுக்கு இந்தச் சோதனை எடுபடாது. ஆள் இல்லாவிட்டாலும் 'டெல் எ லை', 'டெல் த டைம்' என்றே வரும். செயப்பாட்டு வினையில் 'டு'வும் வரலாம்: 'த ஸ்டோரி வாஸ் டோல்ட் டு மீ' சரியான வாக்கியமே.