மிரர் போட்டாச்சுன்னு நிம்மதியா தூங்குறவங்க கவனத்துக்கு

ரெண்டு டிஸ்க்குலயும் ஒரே டேட்டா, ஒன்னு போனா இன்னொன்னு இருக்குல்ல, ரெய்டு 1, அதாவது ரெண்டு டிஸ்க்லயும் ஒரே டேட்டாவை எழுதி வைக்கிற மிரர், போட்ட எல்லாரும் சொல்றது இதான், நானும் அப்படி சொல்லிட்டுத் திரிஞ்சவன்தான். டிஸ்க் மொத்தமா செத்துப்போனா அது சரி. சாகாம, எரரும் சொல்லாம, ஒரு செக்டர்ல (டிஸ்க்கோட ஒரு குட்டித் துண்டு) தப்பான டேட்டாவைக் குடுத்தா என்ன பண்ணுவீங்க? லினக்ஸ் சாஃப்ட்வேர் ரெய்டு படிக்கும்போது ஏதாவது ஒரு டிஸ்க்ல இருந்துதான் படிக்கும், ரெண்டையும் ஒப்பிட்டுலாம் பாக்காது.

மாசாமாசம் செக் ஓட்டினா ஒப்பிடும். டெபியன் லினக்ஸ்ல மாசத்தோட முதல் ஞாயித்துக்கிழமை அதுவே ஓடிடும். ஆனா மிஸ்மேட்ச்னு, அதாவது ரெண்டு காப்பியும் ஒத்துப்போகலன்னு, நம்பர் வந்ததும் பதறிப்போய் ரிப்பேர் கமாண்ட் குடுக்குறாங்க பாருங்க, அதான் பெரிய தப்பு. எது நல்ல காப்பின்னு ரெய்டுக்குத் தெரியாது, ஒன்னை எடுத்து இன்னொன்னு மேல எழுதிடும், கெட்டது நல்லது மேல ஏறிடுச்சுன்னா கதை முடிஞ்சுது. மொதல்ல முக்கியமான ஃபைலையெல்லாம் பேக்கப்போட ஒப்பிட்டுப் பாருங்க. (ஸ்வாப்பை, அதாவது ரேம் பத்தாதப்போ டிஸ்க்ல பயன்படுத்துற எடத்தை, மிரர்ல வச்சிருந்தா பிரச்சனையே இல்லாமலும் மிஸ்மேட்ச் காட்டும், பயந்துடாதீங்க.) எது சரின்னு தெரியணும்னா செக்சம் (டேட்டா மாறிடுச்சான்னு கண்டுபிடிக்கிற சரிபார்ப்பு எண்) வேணும், அதுக்கு இசட்எஃப்எஸ் இல்லன்னா பிடிஆர்எஃப்எஸ்னு ஃபைல் சிஸ்டம் இருக்கு, மிரரையும் அதுலயே போட்டு, மொத்த டேட்டாவையும் படிச்சு சரிபாக்குற ஸ்க்ரப்பை ஓட்டினா கெட்ட காப்பியைக் கண்டுபிடிச்சு நல்லதை வச்சு அதுவே சரி பண்ணிக்கும். புதுசா போடுறவங்க இதையே போடுங்கன்னுதான் சொல்வேன்.

அடுத்தது, அலர்ட் மெயில் செட் பண்ணாம விடுறது. ஒரு டிஸ்க் கழண்டுக்கிட்டாலும் சிஸ்டம் ஜம்முனு ஓடும், அதான் ஆபத்தே. ரெய்டு ஸ்டேட்டஸ்ல நல்லா இருக்குற டிஸ்க்குக்கு ஒரு யூ (U) காட்டும், ரெண்டு யூ இருக்க வேண்டிய எடத்துல ஒரு யூவும் ஒரு அடிக்கோடும் இருந்ததை நான் நாலு மாசம் கழிச்சுதான் பாத்தேன்!

டெஸ்க்டாப் டிஸ்க் போடுறவங்க இன்னொன்னும் பாத்துக்கோங்க. கெட்ட செக்டர் வந்தா அது அதைப் படிக்க ஒரு நிமிஷத்துக்கு மேலகூட முட்டி மோதும், லினக்ஸோ வழக்கமா 30 செகண்ட்தான் பொறுக்கும், அதுக்கப்புறம் டிஸ்க்கையே ரீசெட் பண்ணப் போய், கடைசில ஒரு செக்டருக்காக முழு டிஸ்க்கும் மிரரை விட்டு வெளிய போயிடும். நாஸ் (நெட்வொர்க் ஸ்டோரேஜ்) பெட்டிக்குன்னே விக்கிற டிஸ்க்னா பொதுவா 7 செகண்ட்ல கைவிட்டுடும், ரெய்டு இன்னொரு காப்பியில இருந்து எடுத்துக்கும்.

மிரர் பேக்கப் இல்லைங்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், நீட்டல.

டிஸ்க் மாத்தும்போது லினக்ஸ் டிஸ்க்குக்கு வைக்கிற எஸ்டிஏ (sda), எஸ்டிபி (sdb) பேரை நம்பாதீங்க, ரீபூட் ஆனா மாறிடலாம். சீரியல் நம்பரை ஸ்டிக்கர்ல எழுதி டிஸ்க்ல இப்பவே ஒட்டிடுங்க, ராத்திரி 2 மணிக்கு நல்ல டிஸ்க்கைப் புடுங்கிட்டு முழிக்க வேண்டாம்.