முதல் அட்வென்ச்சரை நடத்தப்போகிற டிஎம்முக்கு: இதெல்லாம் வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமையானால் கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் தெரிந்தவர்கள் வீட்டு மாடியில் நாலைந்து பேர் பகடையும் கேரக்டர் ஷீட்டுமாக (அவரவர் கதாபாத்திரத்தின் விவரத் தாள்) டி அண்ட் டி, அதாவது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற கதை விளையாட்டு ஆட உட்கார்ந்துவிடுகிறோம். கதையை நடத்துகிற டிஎம் (டஞ்சன் மாஸ்டர்) நாற்காலியில் பெரும்பாலும் ஒரு காலேஜ் பையன், இல்லையென்றால் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிற பெண். கையில் காசு கொடுத்து வாங்கிய அட்வென்ச்சர், அதாவது கதைப் புத்தகம். நான் ஏதாவது ஒரு கேரக்டரை எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து பார்ப்பேன். எங்கள் செட்டு அந்தக் காலத்தில் இடறி விழுந்த அதே கல்லில்தான் இவர்களும் வந்து விழுகிறார்கள்.

விதி மறந்துபோவது, இனிஷியேட்டிவ் வரிசையை (சண்டையில் யார் முறை முதலில் என்பதை) குழப்புவது, எந்தப் பகடையை உருட்டுவது என்று முழிப்பது, இதெல்லாம் ஆட ஆடத் தானாகச் சரியாகும். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். உதாரணத்துக்கு 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபான்டெல்வர்' அட்வென்ச்சரை எடுத்துக்கொள்கிறேன். 2014-ல் டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் ஸ்டார்ட்டர் செட் பெட்டிக்குள் வந்தது. இதைப் பிளேயராக ஆடப்போகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கதை முழுக்க உடைபடும்.

தடித்த புத்தகத்தில் தொடங்குவது

இதே விளையாட்டின் இன்னொரு அட்வென்ச்சரான 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' 256 பக்கம், முதல் லெவலிலிருந்து பத்து வரை போகும். அட்டைப்படத்தில் மயங்கி அதை முதல் ஆட்டமாக எடுத்த புது டிஎம் யாரும் கடைசி வரை நடத்தி நான் பார்த்ததில்லை. ஃபான்டெல்வர் 64 பக்கம். ஆடுவதற்கு ஐந்து கேரக்டர்களும் பெட்டியிலேயே தயாராக இருக்கிறார்கள்.

கட்டம் கட்டிய பத்தியை ஒப்பிப்பது

பிளேயர்களுக்கு வாசித்துக்காட்ட என்று சில பத்திகளைப் புத்தகத்தில் கட்டம் கட்டிக் கொடுத்திருப்பார்கள். அந்த ஆங்கிலத்தைத் தலை நிமிராமல் வாசித்தால் மூன்றாவது வரியில் ஒருத்தர் போனை எடுத்துவிடுவார். பாதையை அடைத்துக்கொண்டு ரெண்டு குதிரை செத்துக் கிடக்குது, மேலெல்லாம் கறுப்பு இறகு வச்ச அம்பு. இவ்வளவுதான் விஷயம். நம் பேச்சில், பிளேயர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். காடு எப்படி இருக்கும் என்று கேட்டால் பண்ணாரி தாண்டித் திம்பம் ஏறுகிற வழியைச் சொல்லிவிடலாம். அந்த 27 கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸில் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்காதவர் எங்கள் மேசையில் யாருமில்லை.

அன்றைய பாகத்தை மட்டும் படித்துவிட்டு வருவது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

"முழுசும் படிச்சுட்டா எனக்கே சுவாரசியம் போயிருமுங்கண்ணா" என்றான் பீளமேட்டுத் தம்பி ஒருவன். நல்ல பையன். குரல் மாற்றிப் பேசுவான், கோப்ளின் (கதையில் வரும் குட்டி அரக்கன்) மாதிரிச் சிரிப்பான். முதல் பாகத்தை வரி விடாமல் படித்திருந்தான். இரண்டாம் பாகத்தைத் திறக்கவே இல்லை.

முதல் பாகத்தில் கோப்ளின் குகைக்குள் சில்டார் என்கிற போர்வீரனைக் கட்டிப்போட்டிருப்பார்கள். அவனை மீட்டால் தான் வந்த காரணத்தைச் சொல்வான். இயர்னோ ஆல்ப்ரெக் என்று ஒரு மந்திரவாதி, சில்டாரின் கூட்டாளி, ஃபான்டலின் ஊருக்குப் போனவன் தகவலே இல்லை, அவனைத் தேடித்தான் வந்தேன் என்பான். எங்கள் மேசையிலும் மீட்டாயிற்று. ரோக் என்கிற திருடன் கேரக்டரை ஆடிய பெண் கேட்டாள்: "அந்த இயர்னோ இப்ப எங்கீங்க இருக்கறாரு?"

தம்பிக்குத் தெரியவில்லை. எல்லார் முன்னாலும் புத்தகத்தைப் புரட்டக் கூச்சம். சில்டாரின் கனத்த குரலிலேயே சொல்லிவிட்டான்: "செத்துப்போயிட்டான். கோப்ளினுக கொன்னுபோட்டுதுக." எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அந்தப் பெண் ஷீட் ஓரத்தில் 'இயர்னோ, காலி' என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

இரண்டாம் பாகத்தில் ஃபான்டலினை ஒரு ரவுடிக் கும்பல் மிரட்டிக்கொண்டிருக்கும். அதன் தலைவனுக்குக் கிளாஸ்டாஃப் என்று பட்டப்பெயர். அவன் வேறு யாருமல்ல, இயர்னோதான். தேடப்பட்டவனே திருடனாக இருப்பதுதான் அந்தப் பாகத்தின் மொத்தத் திருப்பமும். அவன் அறையில் ஒரு கடிதம் கிடைக்கும், ஆல்ப்ரெக் பிரபுவுக்கு என்று தொடங்கும். தம்பி அதை உற்சாகமாக வாசித்துக்கொண்டே போனான். அந்தப் பெண் தன் ஷீட்டைத் திருப்பி அவன் முன்னால் வைத்து, அடிக்கோட்டின் மேல் விரலை வைத்தாள். "செத்துப்போனவனுக்கு யாருங்க லெட்டர் போட்டது?"

அதற்கப்புறம் நடந்தது வேதனை. செத்தது அண்ணன் என்றான். பிறகு மந்திரத்தால் உயிர்த்தான் என்றான். கடைசியில் சில்டார் பொய் சொன்னான் என்று முடித்தான். அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஊருக்குள் அடுத்தடுத்த வேலையைக் கொடுக்கிற நல்ல மனுஷன் சில்டார்தான். அவனையே பொய்யன் என்று முடிவு கட்டிய பிளேயர்கள் அவன் சொன்ன பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கதை தலைப்புச் சுரங்கத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. கடைசி ஞாயிறு வந்தது மூன்றே பேர்.

இத்தனைக்கும் சரியான பதில் ஒற்றை வரி: சில்டாருக்குத் தெரியாது. அவனுக்கு நிஜமாகவே தெரியாது, தெரிந்தால் எதற்குத் தேடப்போகிறான்?

64 பக்கத்தை இரண்டு ராத்திரியில் படித்துவிடலாம். மனப்பாடம் வேண்டாம், அறை அறையாக இப்போதே பார்க்கவும் வேண்டாம். ஒரு தாளில் முக்கியமான ஆள் ஒவ்வொருவருக்கும் மூன்று குறிப்பு: அவனுக்கு என்ன வேண்டும், என்ன தெரியும், எதை மறைக்கிறான். அதே குகையில் யீமிக் என்று ஒரு கோப்ளின் உண்டு. தலைவன் கிளார்க்கைத் தீர்த்துக்கட்டினால் சில்டாரை விடுகிறேன் என்று பேரம் பேசுவான், அவன் இடத்துக்கு இவன் வரவேண்டும் என்று ஆசை. அந்தத் தாள் இருந்தால் இவன் வாயைத் திறப்பான். இல்லாவிட்டால் பன்னிரண்டு ஹிட் பாயின்ட்டோடு (உயிர்ப் புள்ளி) செத்து விழுகிற இன்னொரு கோப்ளின், அவ்வளவுதான்.

வழியைப் பகடைக்குப் பின்னால் ஒளித்துவைப்பது

குதிரைகள் கிடக்கிற இடத்தைத் தேடிப்பார்த்தாலே புதருக்குப் பின்னால் தடம் இருப்பது தெரிந்துவிடும், அதற்குப் பகடை கிடையாது. சர்வைவல் (காட்டில் தடம் பார்க்கிற திறமை) உருட்டி 10 எடுத்தால் கூடுதல் செய்தி: ஒரு டஜன் கோப்ளின் போய்வந்திருக்கிறது, இரண்டு ஆட்களை இழுத்துப் போயிருக்கிறார்கள். புது டிஎம்கள் தடத்துக்கே பகடை கேட்பார்கள். ஐந்து பேரும் கோட்டைவிடுவார்கள். அப்புறம் குதிரைப் பிணத்தைச் சுற்றி ஒரு மணி நேரம்.

முதல் சண்டையிலேயே எல்லோரும் விழுவது

நாலு கோப்ளின், ஒவ்வோர் அடியும் 1டி6+2 (ஆறுமுகப் பகடை ஒன்றில் விழுவதோடு இரண்டு). முதல் லெவல் விசார்டுக்கு, அதாவது மந்திரவாதிக்கு, இரண்டு அடி ஜாஸ்தி. டிஎம்கள் பயந்து திரைக்குப் பின்னால் பகடையை மாற்றிச் சொல்கிறார்கள். அவசியமே இல்லை. கோப்ளின்கள் ஜெயித்தால் ஆட்களை மயக்கத்தில் விட்டுவிட்டு அவர்கள் ஓட்டிவந்த வண்டியைக் கொள்ளையடித்துப் போகும் என்று புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. மூன்று விழுந்தால் நாலாவது ஓடப்பார்க்கும், அதுவும் இருக்கிறது.

பச்சை டிராகன்

இதே அட்வென்ச்சரில் வருவது. 136 ஹிட் பாயின்ட், விஷ மூச்சு 12டி6. முன்கூட்டி எச்சரிக்காமல் காட்டாதீர்கள். பாதி போனதும் அது பறந்துவிடும், அதையும் மறக்காதீர்கள்.

டிஎம் மேப்பை மேசையில் விரிப்பது

ரகசியக் கதவும் குழியும் அதில் குறித்திருக்கிறது. வேண்டாம்.