கரும்பில் இடைக்கணுப் புழுவுக்கு ஒட்டுண்ணி அட்டை கட்டும் முறை

கரும்பைத் துளைத்து உள்ளே புகுந்துவிட்ட இடைக்கணுப் புழுவைத் தெளிக்கும் மருந்து எட்டுவதில்லை. ஆகவே அது இலைமேல் முட்டையாக இருக்கும்போதே தடுத்தாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் என்னும், ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத ஒட்டுண்ணிக் குளவி. பெண் குளவி, இடைக்கணுப் புழுவின் தாய்ப்பூச்சி இட்ட முட்டைக்குள் தன் முட்டையை இட, உள்ளே வளரும் இளம்புழு அம்முட்டையையே உணவாக்கிக்கொள்கிறது. இக்குளவி மனிதரைக் கொட்டாது.

முதலில் நாளைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பயிரின் நான்காம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை, மொத்தம் 6 முறை, ஏக்கருக்கு ஒரு சிசி அட்டை (ஒரு கன சென்டிமீட்டர் அளவு முட்டைகள் ஒட்டிய அட்டை) வீதம் கட்டி, இக்குளவிகளை விட வேண்டும். தண்டில் துளையைக் கண்ட பிறகே பலர் அட்டையைத் தேடுகிறார்கள். முட்டையைத் தாண்டிவிட்ட புழுவை இக்குளவி ஒன்றும் செய்யாது என்பதால், இந்தத் தாமதமே பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம் என்பது என் கருத்து.

அட்டைகள் சர்க்கரை ஆலைகளின் ஒட்டுண்ணி உற்பத்தி மையங்களிலும் வேளாண் துறையின் ஆய்வகங்களிலும் கிடைக்கும். அவற்றில் ஒட்டியிருப்பவை, ஒட்டுண்ணி ஏற்றப்பட்ட அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகள். ஒட்டுண்ணி ஏறிய நான்காம் நாளளவில் அவை கறுத்துவிடும். ஏழு, எட்டு நாட்களில் குளவிகள் வெளிவரும். எனவே கறுப்பாக இருக்கிறதா, வெளிவரும் நாள் எது என்று பார்த்து வாங்கி, வெயில் படாமல் கொண்டுவந்து, குளவிகள் வெளிவருவதற்கு முன்பே வயலில் கட்டிவிடுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் முட்டைகளில் வட்டமான துளைகள் தெரிந்தால், குளவிகள் ஏற்கெனவே போய்விட்டன என்று பொருள்.

அட்டையைச் சுமார் 20 துண்டுகளாக நறுக்கி, காலையிலோ மாலையிலோ இலையின் அடிப்புறத்தில் நூலால் கட்டியோ ஸ்டேப்ளர் முள்ளால் பொருத்தியோ, வயல் முழுவதும் பரவலாக வையுங்கள். இவ்வளவு சிறிய பூச்சி காற்றின் போக்கிலேயே பரவும் என்பதால், காற்று வரும் பக்கத்தில் சில துண்டுகள் கூடுதலாக இருக்கட்டும். எறும்புகள் அட்டையிலுள்ள முட்டைகளைத் தின்றுவிடும். அவை ஏறும் தூர்களைத் தவிர்த்துவிடுங்கள். மழை பெய்யும்போது கட்ட வேண்டாம். அட்டை கட்டுவதற்கு ஒரு வாரம் முன்பும் பின்பும் பூச்சிக்கொல்லி தெளிக்கவே கூடாது.

அடுத்த அட்டை கட்டப் போகும்போது, இலைகளில் செதில்போல அடுக்காக இருக்கும் பூச்சி முட்டைகளைத் தேடிப் பாருங்கள். முழுவதும் கறுத்திருந்தால் குளவி தன் வேலையைச் செய்திருக்கிறது. வெளிறிய முட்டைக்குள் கறுப்புப் புள்ளி மட்டும் தெரிந்தால், அது பொரிக்கவிருக்கும் புழுவின் தலை.