பழைய இஸ்வாராவின் எஞ்சினுக்கு வலுவூட்டுதல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

புரோட்டோன் சாகா இஸ்வாரா 1992-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பினாங்குத் தீவிலும் பாலத்துக்கு இந்தப் பக்கம் பட்டர்வர்த், பிறை வட்டாரங்களிலும் அந்தக் கார்களில் கணிசமானவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்பாவிடமிருந்தோ மாமாவிடமிருந்தோ ஒன்று கைக்கு வந்த இளைஞர்கள், வந்த மறுவாரமே கேட்பது ஒரே கேள்விதான்: எந்தச் சாமானை மாற்றினால் கார் நன்றாக இழுக்கும்? எதை மாற்றுவது என்பதைவிட எந்த வரிசையில் மாற்றுவது என்பதே முக்கியம் என்று நான் பதில் சொல்வது வழக்கம். கார்புரேட்டர் பொருத்திய 1.5 லிட்டர் இஸ்வாராவை எடுத்துக்காட்டாக வைத்து, அந்த வரிசையை இங்கே விளக்குகிறேன். அதே காலத்து புரோட்டோன் வீரா காருக்கும் பெரும்பாலும் இது பொருந்தும்.

இந்தக் காரிலுள்ள 4ஜி15 எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 75.5 மில்லிமீட்டர், பிஸ்டன் வீச்சு 82 மில்லிமீட்டர், மொத்தக் கொள்ளளவு 1,468 சிசி. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும்போது, சிலிண்டர்கள் முழுமையாக நிரம்புவதாகக் கொண்டால், அது ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 4,400 லிட்டர் காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ள வேண்டும். எரியும் பெட்ரோலின் அளவு உள்ளே வரும் காற்றைப் பொறுத்தது என்பதால், வலுவைக் கூட்டுவது என்பது காற்று நுழையும் வாயிலிருந்து புகை வெளியேறும் வாய் வரை உள்ள தடைகளை ஒவ்வொன்றாக அகற்றும் வேலையே ஆகும். ஓரிடத்தில் தடையை வைத்துக்கொண்டு வேறிடத்தில் பெரிய சாமானைப் பொருத்தினால் பணம் செலவாகும்; கார் மாறாது.

முதற்படி: அளந்து எழுதி வையுங்கள்

எந்தத் திருகையும் கழற்றுவதற்கு முன் உங்கள் கார் இன்று எப்படி ஓடுகிறது என்பதை எண்களில் எழுதிக்கொள்ளுங்கள். டைனோ, அதாவது காரின் வலுவை அளக்கும் கருவி, கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், போக்குவரத்துக் குறைந்த காலை நேரத்தில், சாலையின் வேக வரம்புக்கு உட்பட்டு, நான்காம் கியரில் மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 90 கிலோமீட்டரை எட்ட எத்தனை விநாடி ஆகிறது என்பதைப் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் கைப்பேசியில் அளக்கட்டும். ஓட்டுபவர் கைப்பேசியைத் தொடவே கூடாது. போகும்போது மூன்று முறை, திரும்பும்போது மூன்று முறை அளந்து சராசரி எடுத்தால் காற்றின் திசையும் சாலையின் சரிவும் முடிவைப் பெரிதாகப் பாதிக்காது.

அடுத்து கம்பிரஷன் சோதனை, அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று அளப்பது. எஞ்சினைச் சூடாக்கி அணைத்த பின், நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, காயிலின் இணைப்பைத் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுமார் ஐந்து விநாடி சுழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அளவி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். உயர்ந்த எண்ணுக்கும் தாழ்ந்த எண்ணுக்கும் இடையே ஒரு பாருக்கு, அதாவது சுமார் 15 பிஎஸ்ஐக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்திருந்தால் அதனுள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெயை ஊற்றி மறுபடி அளந்து பாருங்கள். எண் உயர்ந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. உயராவிட்டால் வால்வுகளிலோ ஹெட் கேஸ்கெட்டிலோ கசிவு இருக்கலாம். அப்படிப்பட்ட எஞ்சினுக்கு வலுவூட்டும் சாமான்களை வாங்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும். முதலில் பழுதைச் சரிசெய்யுங்கள்.

இரண்டாம் படி: தொலைந்த வலுவை மீட்பது

புதிய சாமான் வாங்குவதைவிட இந்தப் படியே பெரும்பாலான பழைய கார்களுக்கு அதிகப் பயன் தருகிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவர் ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதிக்க, மற்றவர் காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றிக் கார்புரேட்டரின் வாய்க்குள் பாருங்கள். முதல் துளையின் தகடு செங்குத்தாக நிற்க வேண்டும். கேபிள் நீண்டு தளர்ந்துபோன கார்களில் அது முக்கால் பங்கோடு நின்றுவிடுவதுண்டு. கேபிளின் திருகைச் சரிப்படுத்தினால் ஒரு காசும் செலவில்லாமல் அந்தக் கால் பங்கு திரும்பி வரும். இரட்டைத் துளைக் கார்புரேட்டரில் இரண்டாம் துளை வெற்றிட விசையால் திறக்கும் வகையாக இருந்தால், அதை இயக்கும் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சவ்வு கிழிந்துவிட்டால் இரண்டாம் துளை ஒருபோதும் திறக்காது. கார் ஊருக்குள் ஒழுங்காகவே ஓடும் என்பதால் உரிமையாளருக்கு ஆண்டுக்கணக்கில் தெரியாமலேயே போகும்.

என் இஸ்வாராவுக்குப் பெரிய கார்புரேட்டர் ஒன்றைப் போட வேண்டும் என்று ஒரு கடையில் சொல்லி, நானும் அதை நம்பி வாங்கிவிட்டேன். பொருத்திய பிறகு கீழ்ச் சுற்றுகளில் எஞ்சின் திணறியது, பெட்ரோல் செலவு கூடியது, இழுவையோ மாறவில்லை. பிறகு பட்டர்வர்த்தில் வயது முதிர்ந்த ஒரு போர்மன் (மெக்கானிக்) அண்ணன் என் பழைய கார்புரேட்டரை மேசைமேல் வைத்துப் பிரித்து, கிழிந்த சவ்வை விரலால் தூக்கிக் காட்டினார். ஒரு பழுதுபார்ப்புப் பெட்டியை வாங்கி, பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைகளான ஜெட்டுகளைச் சுத்தம் செய்து, புதிய சவ்வும் கேஸ்கெட்டுகளும் போட்டு, பழையதையே திரும்பப் பொருத்தினோம். அன்று மாலை பாலத்தின் ஏற்றத்தில் கார் ஏறிய விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

இதே கட்டத்தில் புதிய பிளக்குகள், உயர் மின்னழுத்த வயர்கள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர் ஆகியவற்றைப் போடுங்கள். வால்வு இடைவெளியை உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிசெய்யுங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாவிட்டால், அதை இப்போதே மாற்றிவிடுங்கள். புதிய பெல்ட் போட்டதும், ஸ்டார்ட்டரைத் தொடுவதற்கு முன், கிராங்க்ஷாஃப்டை ஸ்பேனரால் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, பற்சக்கரங்களிலுள்ள குறிகள் மறுபடி நேராக வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு பல் தவறினாலும் வலு குறையும்.

மூன்றாம் படி: குளிர்ந்த காற்று

நம் ஊர் வெயிலில் இதன் பயன் அதிகம். வெளியே 33 பாகை செல்சியஸ் இருக்கும்போது பானெட்டுக்குள் 60 பாகை இருப்பது இயல்பானதே. 60 பாகைக் காற்று 33 பாகைக் காற்றைவிட ஏறக்குறைய 8 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. அதாவது அதே கொள்ளளவில் அந்த அளவு குறைவான ஆக்சிஜனே எஞ்சினுக்குள் போகிறது. திறந்த கூம்பு வடிகட்டியை எஞ்சினுக்கு மேலேயே பொருத்துபவர்களுக்கு உறுமல் சத்தம் கிடைக்கிறது, ஆனால் எஞ்சின் குடிப்பது வெந்த காற்றை. ஆகவே பழைய பெட்டியையே வைத்துக்கொண்டு, புதிய வடிகட்டித் தாளைப் போட்டு, அதன் மூக்கிலிருந்து முன்விளக்கின் பின்புறத்துக்கு ஒரு நெளிகுழாயைக் கொண்டுபோய் வெளிக்காற்றை எடுக்கச் செய்யுங்கள். குழாயின் வாய் பம்பருக்குக் கீழே தாழ்ந்திருக்கவே கூடாது. ஜார்ஜ்டவுனில் மழை பெய்து சாலையில் தண்ணீர் தேங்கும்போது எஞ்சின் நீரை உறிஞ்சினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில பழைய பெட்டிகளில், குளிர்நாடுகளுக்காக, எக்ஸ்ஹாஸ்ட் பக்கத்திலிருந்து சூடான காற்றை எடுக்கும் இரண்டாவது வழி ஒன்றும் இருக்கும். அந்த வழி மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

நான்காம் படி: எக்ஸ்ட்ராக்டர்

எஞ்சினின் புகையை வெளியே கொண்டுபோகும் பழைய மேனிஃபோல்டுக்குப் பதிலாகப் பொருத்தும் குழாய்த் தொகுதிதான் எக்ஸ்ட்ராக்டர். வலுவுக்காக வாங்கும் முதல் பெரிய சாமான் இதுவாகவே இருக்கட்டும். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் நான்கு சிலிண்டர்களின் புகையும் குறுகிய இடத்தில் மோதிக்கொள்கிறது. இந்த எஞ்சினின் எரிவரிசை 1-3-4-2 என்பதால், 1, 4 சிலிண்டர்களை ஓர் இணையாகவும் 2, 3 சிலிண்டர்களை மற்றோர் இணையாகவும் சேர்த்தால், ஒவ்வோர் இணையிலும் புகைத் துடிப்புகள் 360 பாகை இடைவெளியில் சீராக வரும். ஒன்றின் ஓட்டம் மற்றொன்றைத் தடுக்காது. நான்கு குழாய் இரண்டாகி, இரண்டு ஒன்றாகும் வகையையே வாங்குங்கள். அது நடுத்தரச் சுற்றுகளில் நல்ல இழுவை தரும். ஊருக்குள் ஓட்டும் காருக்கு வேண்டியதும் அதுவே. பின்குழாய்க்கு 1.75 முதல் 2 அங்குலம் போதுமானது. இரண்டரை அங்குலக் குழாயை 1.5 லிட்டர் எஞ்சினுக்குப் போட்டால் புகையின் வேகம் குறைந்து கீழ்ச் சுற்று இழுவை போய்விடும். விரலுக்குத் தகுந்த வீக்கம்தான் வேண்டும்.

பொருத்துவதற்கு முந்தின நாளே துருப்பிடித்த நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து விடுங்கள். காரை ஜாக்கில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகவே கூடாது. உறுதியான ஸ்டாண்டுகளை வையுங்கள். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி, முகத்தைச் சுத்தம் செய்து, புதியதை வைத்து, எல்லா நட்டுகளையும் முதலில் கையால் ஏற்றிய பிறகே நடுவிலிருந்து ஓரங்களுக்குச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். குழாய்கள் பிரேக் குழாய், பெட்ரோல் ஹோஸ், வயர் ஆகிய எதையும் நெருங்காமல் இருக்க வேண்டும். நெருங்கும் இடத்தில் வெப்பத் தடுப்புத் தகடு போடுங்கள். சத்தத்துக்குச் சட்ட வரம்பு உண்டு என்பதால் மஃப்ளரை அகற்றாதீர்கள்.

ஐந்தாம் படி: ஜெட், டைமிங்

காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். பெட்ரோல் முழுமையாக எரிய அதன் எடையைப் போல் 14.7 மடங்கு காற்று தேவை. ஆனால் முழு மிதியில் அதிக வலு கிடைப்பது 12.5 முதல் 13 மடங்கு வரையிலான செறிந்த கலவையில்தான். புகையிலுள்ள ஆக்சிஜனை வைத்துக் கலவையைக் காட்டும் அகலவரிசை அளவி உள்ள போர்மனிடம் காட்டி மெயின் ஜெட்டை ஒவ்வோர் அளவாக மாற்றச் சொல்லுங்கள். அளவி இல்லாவிட்டால் பிளக்கின் நிறத்தைப் பாருங்கள்: வெளிர் பழுப்பு சரியானது, கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெள்ளையாக வெளுத்திருந்தால் குறைவு. வெளுத்த பிளக்கோடு காரை விரட்டினால் பிஸ்டன் உருகும்.

டைமிங்கை, அதாவது பிளக்கில் தீப்பொறி எழும் நேரத்தை, டைமிங் விளக்கால் கையேட்டின்படி வைத்து, பிறகு ஒரு நேரத்தில் ஒரு பாகை மட்டும் முன்னே தள்ளுங்கள். தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் செல்லும் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் மிதித்துக் கேளுங்கள். கோலிக்குண்டுகளைத் தகரத்தில் உருட்டுவது போன்ற ஓசை கேட்டால் உடனே மிதியைத் தளர்த்தி, இரண்டு பாகை பின்னே வாங்குங்கள். ரோன் 95 பெட்ரோல் ஊற்றி ஓட்டுபவர் அதை ஊற்றியே டைமிங் வைக்க வேண்டும். ரோன் 97-இல் வைத்துவிட்டு 95-க்கு இறங்கினால் ஓசை திரும்ப வரும்.

கேம்ஷாஃப்ட் பற்றி

வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுதான் கேம்ஷாஃப்ட். கூடுதல் நேரம் வால்வைத் திறந்து வைக்கும் கேம் மேல்சுற்றுகளில் வலு தரும். ஆனால் நின்றபடி ஓடும்போது எஞ்சின் தடுமாறும், காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டின் வெற்றிடமும் குறையும். பிரேக் பூஸ்டர் அந்த வெற்றிடத்தை நம்பியே வேலை செய்கிறது என்பதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. தொடக்கநிலையினர் இதை இப்போது விட்டுவிடுவதே நல்லது.

எஞ்சினையே மாற்ற நினைத்தால்

பழைய கார்களின் எஞ்சின்களை விற்கும் ஹாஃப்கட் கடைகளில் 1,597 சிசி 4ஜி92, 1,834 சிசி 4ஜி93 எஞ்சின்களைத் தேடுபவர்கள் உண்டு. இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் 81 மில்லிமீட்டர். வீச்சு மட்டும் முறையே 77.5, 89. தீபகற்பத்தில் தனியார் சலூன் காருக்கு 1,401 முதல் 1,600 சிசி வரை ஆண்டுச் சாலை வரி 90 வெள்ளி. 1,834 சிசிக்கு அது 297 வெள்ளி. ஜேபிஜேயின் (சாலைப் போக்குவரத்துத் துறையின்) அனுமதியும் வாகனப் பரிசோதனையும் இல்லாமல் எஞ்சினை மாற்றக் கூடாது. கெரானில் (வாகன உரிமைப் பத்திரத்தில்) உள்ள எஞ்சின் எண் காரில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். வாங்கும் எஞ்சினுக்குரிய சுங்க ஆவணங்களைக் கடையிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

வேலை முடிந்த பிறகு

வேகம் கூடிய காருக்கு நிறுத்தும் திறனும் வேண்டும்: முன் டிஸ்க்குகளின் தடிமனைப் பாருங்கள், பிரேக் எண்ணெயை மாற்றுங்கள், பின் டிரம்மைத் திறந்து சிலிண்டரில் கசிவு உண்டா என்று பாருங்கள். ரேடியேட்டரைச் சுத்தம் செய்யுங்கள். சூடு ஏறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது தவறு, எஞ்சின் உரிய வெப்பத்தை எட்டாமலே ஓடி விரைவாகத் தேயும். நல்லதொரு தெர்மோஸ்டாட்டையே போடுங்கள்.

முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் எஞ்சினை முழுவதும் ஆற விட்டு, எக்ஸ்ட்ராக்டரின் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். பிறகு அதே சாலைக்கு, அதே நேரத்தில், அதே ஆளைப் பக்கத்தில் அமர்த்திச் சென்று, 60-இலிருந்து 90 வரை மீண்டும் ஆறு முறை அளந்து, முதல் நாள் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.